முகம் மாறிய இளவரசன்

சென்ற இதழ் அன்பர்களின் கைக்கு வந்து சேர்ந்த மறுவாரமே சித்தூரிலிருந்து ஒரு சிறுமியின் கடிதம் கிடைத்தது. தெலுங்குப் பள்ளியில் பயில்பவள். தமிழ் எழுத்தைப் பாட்டியிடம் கற்றவள். நம் சிறுவர் பக்கத்துப் படக்கதையில் வரும் இளவரசனை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது அவளது முறையீடு. “இவன் அவன் இல்லை” என்று முடித்திருந்தாள்.

அவள் கூறுவது மெய்யே. இதுகாறும் அத்தொடரை வரைந்த அன்பர் பணிமாற்றம் பெற்று வெளியூர் சென்றுவிட்டார். திருப்பதி இளைஞர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றுள்ளார். கதையின் போக்கு மாறவில்லை; ஆயினும் குழந்தைக்கு அது வேறு கதையாகிவிட்டது. முன்னவரைப் போலவே வரையுமாறு இளைஞரைக் கேட்கலாம் என்று இதழ்க் குழுவில் சிலர் கருதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இம்மாவட்டத்தில் வளர்ந்த முதியோருக்கு ‘அம்புலிமாமா’வை நினைவூட்ட வேண்டியதில்லை. 1947இல் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் தொடங்கிய அவ்விதழ் தெலுங்கில் ‘சந்தமாமா’ என வந்தது. படங்கள் இரண்டுக்கும் பொது. ஆகவே தமிழ் வீட்டுப் பிள்ளையும் அடுத்த வீட்டுத் தெலுங்குப் பிள்ளையும் ஒரே அரசனை, ஒரே அரக்கனைக் கண்டு வளர்ந்தனர். பெயர் மட்டுமே வேறு.

அங்கே சித்ரா என்ற பெயரில் வரைந்த ராகவனும், 1950களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த சங்கரும் பல்லாண்டுகள் அடுத்தடுத்த பக்கங்களில் வரைந்தனர். சித்ராவின் கோட்டில் ஓட்டம் மிகுதி. அவருடைய மந்திரவாதிகள் பக்கத்தைவிட்டு எழுந்து வருவார்கள் போலிருக்கும். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சங்கரோ தூணையும் அணிகலனையும் துணியின் மடிப்பையும் பொறுமையாக இழைப்பவர். தோளில் பிணமும் கையில் வாளுமாகச் சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனை நாம் இன்று நினைத்தால், மனக்கண்ணில் நிற்பது சங்கரின் படமே. 2020இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. (விருதுகள் எப்போதும் தாமதமாகவே புறப்படுகின்றன!) இருவரையும் ஒரே அச்சில் வார்த்திருந்தால் அவ்விதழ் வறுமையுற்றிருக்கும்.

அங்கு ஒவ்வொரு கதைக்கும் ஒருவர் என்று இருந்தது. நமது இடர் ஒரே தொடர் கைமாறுவது என்று சிலர் கூறலாம். அதற்கும் சான்று உண்டு. லீ ஃபால்க் 1936இல் படைத்த முகமூடி வீரன் வேதாளனை முதலில் வரைந்தவர் ரே மூர். அவருடைய காட்டில் நிழல் அடர்ந்திருந்தது. பின் வந்த வில்சன் மெக்காய் தடித்த, எளிய கோடுகளால் வரைந்தார். உருவங்கள் சற்றே பொம்மை போன்றவை. 1961இல் மெக்காய் மறைந்தபின் பொறுப்பேற்ற சை பாரி, உடற்கட்டும் கானகமும் மெய்போல் தோன்ற வரைந்தார். 1964இல் பம்பாயில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் சில காலம் தமிழிலும் வந்தது. அதன் வாசகர்கள் மெக்காயையும் பாரியையும் மாறி மாறிக் கண்டனர். ஆயினும் வேதாளனை அடையாளம் காண எவரும் தவறவில்லை. முகமூடி, மண்டையோட்டு மோதிரம், வெண்குதிரை ஆகிய மூன்றும் யார் கையிலும் மாறவில்லை. கோடு மாறியது, குறிகள் நிலைத்தன.

நம் இளைஞர் செய்த பிழையும் இங்கேதான் உள்ளது. பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். இளவரசனின் இடக்காதில் கடுக்கன் இருந்தது, இப்போது இல்லை. குதிரையின் நெற்றியில் இருந்த வெள்ளைச் சுட்டியும் போய்விட்டது. பிழை அவருடையது மட்டுமன்று. பழைய இதழ்களை அவருக்கு நாம் கொடுக்கவே இல்லை.

அவற்றை இப்போது திருப்பதிக்கு அனுப்பிவிட்டோம். கோடு அவருடைய கோடாகவே இருக்கட்டும்; கடுக்கனும் சுட்டியும் திரும்ப வேண்டும் என்று மட்டும் எழுதியுள்ளேன். சிறுமியின் கடிதத்தையும் உடன் வைத்திருக்கிறேன். அடுத்த இதழைப் பார்த்துவிட்டு அவள் மறுபடியும் எழுதுவாளாக.