பங்குக் கிணறு

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் சின்ன வெங்காயம் செய்யும் கமக்காரர் அமைப்பொன்றை நாம் நீண்ட காலமாக அறிவோம். அதன் யாப்பு வரையப்பட்டதே நமது மேசையிலேதான். ஒன்பது ஆண்டுகளாக அவ்வமைப்புப் பெருஞ் சமூக வலைத்தளமொன்றிலே தனக்கெனப் பக்கமொன்று வைத்திருந்தது. அன்றைய சந்தை விலை என்ன, விதை வெங்காயம் யாரிடம் உண்டு, எந்தக் குறிச்சியில் பயிருக்கு நோய் கண்டிருக்கின்றது, கூட்டம் என்றைக்கு என்பனவெல்லாம் அப்பக்கத்திலேயே வெளிவந்தன. கடந்த அறுவடைக் காலத்திலே, விலை நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்த ஒரு கிழமையில், செயலாளர் காலையில் கைத்தொலைபேசியைத் திறந்தார், பக்கத்தைக் காணவில்லை. விதிகளை மீறியமையால் நீக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரிகள் மாத்திரம் இருந்தன. எந்த விதி? எந்தப் பதிவு? முறையிட்டவர் யார்? ஒன்றுக்கும் விடையில்லை.

“ஐயா, நீங்கள் ஒரு கடிதம் போட்டால் திறந்து விடுவினம்தானே?” என்று கேட்டுக்கொண்டு அவர் நம்மிடம் வந்தார். கச்சேரிக்குக் கடிதம் எழுதியிருக்கின்றோம், அமைச்சுகளுக்கு எழுதியிருக்கின்றோம், பதில் வராதபோது நீதிமன்றப் படியேறியும் இருக்கின்றோம். இங்கேயோ, கடிதத்தை யாருடைய பெயருக்கு எழுதுவது என்பதே தெரியவில்லை. தரப்பட்ட படிவத்தை நிரப்பி அனுப்பினோம். இரண்டு நிமிடத்தில் இயந்திரமொன்றின் நன்றி வந்தது. அவ்வளவுதான்.

மறுபக்கத்தைக் கேளாமல் தீர்ப்பளித்தல் ஆகாது என்பது இயற்கை நீதியின் முதற் கோட்பாடு. ஒரு கிராமச் சங்கத்திலிருந்து ஓர் உறுப்பினரை நீக்குவதாயினும் அறிவித்தல் கொடுத்து விளக்கம் கேட்டல் வேண்டும். இங்கு அது ஏன் நிகழவில்லை என்று அறிய, சேரும்போது ஒப்புக்கொண்ட உடன்படிக்கையைத் தேடிப் படித்தோம். (சேரும்போது அதை எவரும் படிப்பதில்லை, சட்டத்தரணிகளும் படிப்பதில்லை.) சட்டமொழியின் சோடனைகளை நீக்கிப் பார்த்தால் சாரம் இதுவே: அமைப்புக்கு அப்பக்கத்திலே உரித்து எதுவும் ஒருநாளும் இருந்ததில்லை, இருந்தது அனுமதி. அனுமதி கொடுத்தவர் அதனை எந்நேரமும் மீளப் பெறலாம். ஒன்பது ஆண்டுகள் தண்ணீர் அள்ளினோம் என்பதனால் பிறர் வீட்டுக் குழாய் நமதாகிவிடாது.

இது ஓர் ஊரின் முறைப்பாடு மட்டுமன்று. டுவிட்டர் என்ற பெருந்தளத்தை உலகெங்கும் பத்திரிகையாளரும் அரசாங்கங்களும் பொது மன்றமெனக் கருதி வந்தனர். 2022 ஒக்டோபரில் இலோன் மஸ்க் என்ற தனியொருவர் 4,400 கோடி டொலருக்கு அதனை வாங்கினார். அவ்வாண்டு டிசெம்பரில், அயல் வலையமைப்புகள் சிலவற்றுக்கு இணைப்புக் கொடுப்பதையே அத்தளம் தடை செய்தது; எதிர்ப்புக் கிளம்பவே ஒரு நாளுக்குள் அத்தடையைக் கைவிட்டது. 2023 யூலையில் அதன் பெயரும் மாறிற்று. அங்கே எழுதிக் குவித்த கோடிக்கணக்கானோரிடம் இவற்றுள் எதற்காகிலும் சம்மதம் கேட்கப்பட்டதா? நிலத்தோடு குடிகளும் விற்கப்பட்ட பழங்காலம் நம் நினைவுக்கு வருகின்றது.

வேறொரு விற்பனையையும் இதனோடு வைத்துப் பார்க்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கின்றோம். ஓப்பன் ஒஃபிஸ் என்ற எழுத்து வேலைக்கான மென்பொருளைப் பேணிய சன் நிறுவனத்தை 2010 தொடக்கத்தில் ஒராக்கிள் என்ற பெரு நிறுவனம் வாங்கியது. புதிய உடைமையாளரிடம் நம்பிக்கை கொள்ளாத ஆக்குநர்கள் அவ்வாண்டு செப்டெம்பரிலே கூட்டாக வெளியேறினர். வெறுங்கையோடு அவர்கள் போகவில்லை. மென்பொருளின் மூலம் முழுவதையும் பிரதி செய்துகொண்டு போய், லிபரே ஒஃபிஸ் என்ற பெயரில் அதைத் தொடர்ந்தனர். அவர்களைத் தடுக்க ஒராக்கிளினால் இயலவில்லை. ஏனெனில் அம்மென்பொருள் திறந்த மூல உரிமத்தில் வெளியிடப்பட்டிருந்தது. பிரதி செய்யவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் அவர்களுக்கு உரித்து இருந்தது.

நம் பகுதிக் காணி உறுதிகளைக் கையாண்டோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். காணியின் எல்லைகளைக் கூறி முடித்ததும், பங்குக் கிணறும், அதிலே நீர் அள்ளும் உரித்தும், வழி வாய்க்கால் உரித்தும் எழுதப்படுகின்றன. பங்காளி ஒருவர் தன் காணியைக் கொழும்பிலுள்ள கோடீசுவரருக்கே விற்றாலும், அயலவனின் இறைப்பு முறையை வாங்கியவர் பறிக்க முடியாது.

கணினியுலகில் இந்த உறுதியை எழுதியவர் றிச்சர்ட் ஸ்ரோல்மன் என்ற அமெரிக்கர். 1983இல் அவர் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்திட்டார். 1989இல் குனூ பொது உரிமம் வெளிவந்தது. அதிலுள்ள சட்ட நுட்பம் நம்மை வியக்க வைப்பது. பதிப்புரிமைச் சட்டம் பிரதி செய்வதைத் தடுப்பதற்கென எழுந்தது. அவரோ பதிப்புரிமையைக் கைவிடாமல், அதைக் கொண்டே நிபந்தனை விதித்தார்: இதனை யாரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பரப்பலாம், ஆனால் பரப்புகின்றவர் தாம் பெற்ற அதே உரிமைகளைப் பெறுபவருக்கும் கொடுத்தல் வேண்டும். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் பின்னர் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி ஒவ்வொன்றின் அடியிலும் இன்று இருப்பது அந்த லினக்ஸே. தோட்டத்து வரம்பில் நின்று மழைச் செய்தி பார்க்கும் கமக்காரர், தாம் அறியாமலே அப்பங்குக் கிணற்றில் அள்ளிக்கொண்டிருக்கின்றார்.

நமது அலுவலகத்திலும் சில ஆண்டுகளாக லிபரே ஒஃபிஸ் வேலை செய்கின்றது. முதலில் காரணம் கொள்கையன்று என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். விலை கொடாது பிரதி செய்த மென்பொருளைப் பாவித்தல் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரண். அச்சட்டத்தை நீதிமன்றில் எடுத்துரைக்கும் சட்டத்தரணிகளின் அலுவலகங்களிலேயே திருட்டுப் பிரதிகள் ஓடிக்கொண்டிருப்பது நம் தொழிலுக்கு அழகா? அந்த வெட்கத்தினாலேயே மாறினோம். வெளியிலிருந்து வரும் ஆவணங்களில் பந்திகள் இடம் மாறுவதுண்டு. நம் எழுதுவினைஞர் முணுமுணுப்பதுமுண்டு. ஆயினும் பெருந்தொல்லை கொடுத்தது புதிய மென்பொருளன்று. பழைய ‘பாமினி’ எழுத்துருவே. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அதிலே தட்டச்சிட்ட மனுக்களை அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்தால் ஒரு தமிழெழுத்தும் தோன்றாது. ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். நாமே எழுதிய மனு நமக்கே வாசிக்க முடியாததாயிற்று. எல்லோருக்கும் பொதுவான யுனிக்கோட்டிலே எழுதியிருந்தால் இந்நிலை வந்திராது. இன்றும் சில அலுவலகங்களிலிருந்து பாமினியிலேயே கடிதங்கள் வருகின்றன என்பதை வருத்தத்தோடு கூறுகின்றோம்.

பிறர் வெட்டிய கிணற்றில் அள்ளியவர்களாகவே நாம் இருந்துவிடவில்லை. 2004 டிசெம்பர் 26 கடற்கோளின்போது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்ய இத்தீவின் கணினி வல்லுநர்கள் தொண்டாக ஆக்கிய ‘சஹானா’ திறந்த மூல மென்பொருளாகவே வெளிவந்தது. பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களிலும் உதவிற்று. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த சாம்பலை நாம் மறக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து, மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளிலேயே வாசகர் முன் வைத்தது. எரிந்தவற்றுட் சிலவற்றுக்கு ஒரு பிரதியே இருந்தது. பிரதி செய்யும் உரித்தின் பெறுமதியை இதைவிடத் துலக்கமாக நாம் எங்கே கற்பது?

சமூக வலைத்தளங்களுக்கு வருவோம். 2016இல் ஓய்கன் றொக்கோ என்ற ஜேர்மானிய இளைஞர் ‘மாஸ்டடன்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். இது ஒரு தனித் தளமன்று. பல்லாயிரம் சேவையகங்கள் தனித்தனியே பலரால் நடத்தப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தன் சொந்த விதி, தன் சொந்த நிர்வாகம். கொடிகாமத்துத் தபாற் கந்தோரில் போட்ட கடிதம் மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்வதுபோல, ஒரு சேவையகத்தில் எழுதியது மற்றொன்றில் உள்ளவரைச் சென்றடைகின்றது. அதற்கான பொது விதிமுறையை உலகளாவிய வலைச் சங்கம் 2018 ஜனவரியில் தன் பரிந்துரையாக ஏற்றது. இவ்வமைப்புக்கு அவர்கள் இட்ட பெயரின் முதற்பகுதி சமஷ்டி என்பதாகும். அச்சொல்லுக்கு இந்நாட்டிலே எத்தனை விபரீதப் பொருள்கள் கற்பிக்கப்பட்டன! கணினிகளுக்குச் சமஷ்டியினால் எவ்வித பிரிவினையும் நேரவில்லை.

மாஸ்டடனுக்குரிய உறுதியும் வலிமையானது. 2021 ஒக்டோபரில் டொனால்ட் ட்ரம்பின் நிறுவனம் தன் ‘ட்ரூத் சோஷல்’ தளத்தை இம்மென்பொருளின் மீதே அமைத்து, மூலத்தை மறைத்தது. உரிமத்தின் நிபந்தனை சுட்டிக்காட்டப்பட்டதும் அடுத்த மாதமே மூலத்தை வெளியிடவேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் றொக்கோ, தம்மிடமிருந்த உடைமையை இலாப நோக்கற்ற அமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்தார். விற்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் வாங்குவதற்கும் ஆளில்லை.

நம் வெங்காயக்காரரும் இச்சேவையகமொன்றில் இப்போது குடியேறியிருக்கின்றனர். நடந்ததை உள்ளபடி கூறுவோம். பழைய பக்கத்தைப் பார்த்தவர்களிற் காற்பங்கினர்தாம் வந்தனர். “எல்லாரும் அங்கைதானே நிக்கினம், இங்கை ஆருக்குச் சொல்லுறது?” என்று ஒரு முதியவர் கேட்டார், அக்கேள்வி நியாயமானதே. உலகிலும் அப்படியே நடந்தது. டுவிட்டர் கைமாறியபோது மாஸ்டடனின் மாதப் பாவனையாளர் தொகை 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சத்துக்கு உயர்ந்தது. பின்னர் பெரிதும் குறைந்தது. சிறிய சேவையகங்கள், நடத்துபவர் களைத்ததும் மூடப்படுவதுண்டு. வேறொன்றுக்கு மாறும்போது பின்தொடர்வோரை அழைத்துச் செல்லலாம். பழைய பதிவுகள் கூட வருவதில்லை.

பங்குக் கிணற்றுக்குச் சேறு வாருவோர் வேண்டும் என்பதும் உண்மையே. 2024 மார்ச்சில், எண்ணற்ற லினக்ஸ் கணினிகள் சார்ந்திருக்கும் ஒரு சிறு மென்பொருளிலே இரகசியக் கதவொன்று வைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதனைத் தொண்டாகப் பேணிவந்த தனி மனிதரின் நம்பிக்கையை, உதவுவதாக நடித்த ஒருவர் இரண்டாண்டுகளாகச் சம்பாதித்து இக்கேட்டைச் செய்தார். அன்ட்ரெஸ் ஃபிரொயின்ட் என்ற பொறியியலாளர், ஒரு கணினியினுள் நுழைய வழக்கத்தைவிட அரைச் செக்கன் கூடுதலாகின்றதே என்று ஐயுற்றுத் தேடியதனால் அது வெளிப்பட்டது. கிணறு திறந்திருந்தமையால் நஞ்சு கண்ணிற் பட்டது. காவலுக்கு ஒருவரே இருந்தமையால் நஞ்சு விழுந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

அரசாங்கத்தின் கையையும் நாம் மறக்கலாகாது. 2018 மார்ச்சில் கண்டி வன்செயலின்போதும், 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளின் பின்னும், 2022 ஏப்ரில் 3ஆம் திகதி மக்கள் எதிர்ப்பின்போதும் இந்நாட்டிலே சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. 2018இல் வெறுப்புப் பேச்சுப் பரவத் தன் தளம் துணையானமைக்குப் பேஸ்புக் நிறுவனம் 2020 மேயிலேதான் வருத்தம் தெரிவித்தது. சில பெருந்தளங்களில் ஊர் முழுவதும் குடியிருக்கும்போது பூட்டுவோருக்குச் சில பூட்டுகளே போதும். பலவாகப் பரந்தால் அவ்வேலை கடினமாகும். இணையத்தையே துண்டித்தால் யாதும் நில்லாது. மேலும், சேவையகம் நடத்த முன்வருவோர் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் படித்தறிந்த பின்னரே முன்வருதல் வேண்டும். பிறர் எழுதியதற்கான அறிவித்தல் தம் வாசலுக்கு வரக்கூடும்.

ஆகவே, பெருந்தளங்களை நாளையே துறந்துவிடுங்கள் என்று கமக்காரரை நாம் கேட்கவில்லை. அங்கே கூவுங்கள், ஆனால் கணக்கையும் படங்களையும் உறுப்பினர் விபரத்தையும் அங்கு மட்டும் வையாதீர்கள். பிரதேச சபைகள் தம் அறிவித்தல்களையும் படிவங்களையும் யுனிக்கோட்டிலும் திறந்த கோப்பு வடிவிலும் வெளியிடுதல் வேண்டும். இதற்குப் புதிய சட்டமெதுவும் தேவையில்லை, ஒரு தீர்மானம் போதும். ஜேர்மனியின் சிலெஸ்விக்-ஹொல்ஸ்டைன் மாநிலம் 30,000 அரச கணினிகளை லிபரே ஒஃபிஸுக்கு மாற்ற 2024 ஏப்ரிலில் முடிவு செய்தது. அதே நாட்டில் மியூனிக் நகரம் லினக்ஸுக்கு மாறியபின் 2017இல் திரும்பிச் செல்ல முடிவெடுத்ததும் உண்டு. உறுதியான நிர்வாகம் இன்றி மென்பொருள் மட்டும் நிலைக்காது என்பதற்காக அதையும் கூறுகின்றோம். ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே சேவையகம் வைப்பது வீண். கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து ஒன்றை நடத்தலாம். திறவுச்சொல் இரு உத்தியோகத்தரிடமாவது இருத்தல் வேண்டும். வருடாந்தக் கணக்கிலே அதற்கொரு தொகை ஒதுக்கப்படுதல் வேண்டும். பொறியியலாளரும் கணினி ஆசிரியரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சேறு வார ஒதுக்குவார்களா? நம் தொழிலினர் அச்சங்கங்களின் யாப்பை இலவசமாக எழுதித் தருவர் என்பதற்கு நாம் பொறுப்பு.

நீக்கப்பட்ட பக்கத்திலே அமைப்பின் முதல் தலைவருடைய படங்கள் இருந்தன. அவர் காலமாகி நான்கு ஆண்டுகள். வேறெங்கும் பிரதி இல்லை. படங்களையாவது திருப்பித் தருமாறு இரண்டாவது விண்ணப்பம் அனுப்பியிருக்கின்றோம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.