பழைய டிராக்டருக்கும் ஒரு பரிசோதனைக் கூடம் வேண்டும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டி வட்டாரத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வந்த கஜா, வேதாரண்யம் தொடங்கிப் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி வரை தென்னந்தோப்புகளைத் தரையோடு படுக்கவைத்தது. இரண்டு முறையும் நிவாரணத் தொகை பற்றியும் மறுநடவுக் கன்றுகள் பற்றியும் நிறையப் பேசினோம். விழுந்த மரத்தை அறுத்து இழுத்து நிலத்தைக் காலிசெய்து தரும் இயந்திரங்களைப் பற்றி, அவற்றை ஓட்டுகிறவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. சவுக்கு வெட்டும் சிறு ஒப்பந்தக்காரரும், சீமைக்கருவேலத்தை அழிக்க ஏலம் எடுப்பவரும், தோப்பு வைத்திருக்கும் விவசாயியும் பெரும்பாலும் இரண்டாம் கை டிராக்டரிலும் கைமாறி வந்த செயின்சாவிலும்தான் தொழிலைத் தொடங்குகிறார்கள். அந்த இயந்திரம் தேறுமா தேறாதா என்பதை வாங்குகிறவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டோம். இது உயிர் சம்பந்தப்பட்ட பொதுக் காரியம். புதிய இயந்திரம் வாங்கக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கைப் பழையதைச் சோதிக்கவும் பராமரிக்கவும் அரசு ஒதுக்க வேண்டும்.

பழையது வாங்குவதே தவறு என்று சிலர் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 2014-15 முதல் நடக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் மானியமும் உண்டு. பிறகு ஏன் பழைய வண்டி? கணக்குப் போட்டால் காரணம் தெரியும். வரி குறைந்தும் 45 குதிரைத்திறன் வண்டி ஆறேழு லட்ச ரூபாய்க்குக் குறையாது. மர வேலை ஆண்டு முழுவதும் ஓடாது. வெட்டுப் பருவத்தில் சில வாரம் ஓடும், பிறகு கொட்டகையில் நிற்கும். நின்றாலும் மாதத் தவணை கட்டியாக வேண்டும். அதோடு, தூர் தட்டுகிற, முள் குத்துகிற, கட்டை உரசுகிற இடத்தில் புது வண்டியை இறக்கினால் இரண்டே ஆண்டில் அதன் விற்பனை மதிப்பு பாதியாகும். ஏற்கெனவே மதிப்பு இறங்கிய வண்டியை வாங்கி, மிச்சப் பணத்தில் அதைத் தேற்றி ஓட்டுவதே இந்தத் தொழிலுக்குப் பொருந்தும் பொருளாதாரம். அந்த முடிவை எடுத்தவருக்கு மானியமும் கிடையாது, வழிகாட்டுதலும் கிடையாது என்பதுதான் பிரச்சினை.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். டிராக்டரில் பல்லுக்கு நிகரான ஹவர் மீட்டரை நம்ப முடியாது. பழைய மாடல்களில் அது என்ஜினோடு கேபிளால் இணைக்கப்பட்ட கருவி. குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் ஓடும்போது மட்டுமே அது சரியான மணியைக் காட்டும். மெதுவாக ஓடினால் குறைத்துக் காட்டும், கேபிளைக் கழற்றிவிட்டால் எதையும் காட்டாது. ஆகவே 2,000 மணி என்று காட்டும் வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் பெடலைத்தான் நம்ப வேண்டும். என்ஜின் சூடேறிய பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால்போல வெளுத்திருக்கிறதா, லிஃப்டில் பாரம் தூக்கி நிறுத்தினால் கால்மணி நேரத்தில் இறங்குகிறதா, முன் அச்சின் நடு ஊசியில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நல்ல மெக்கானிக்குக்கு இவை அரை நாள் வேலை. ஆனால் புரோக்கர் வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். குளிர்ந்த என்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை வாங்குகிறவர் பார்க்கவே முடியாது. புதிதாக பெயின்ட் அடித்த வண்டியில் கசிவு இருந்த இடமும் மறைந்துவிடும்.

இவை பணத்தோடு போகும் நஷ்டங்கள். உயிரோடு போவது வேறு. மரக்கட்டையை இழுக்கும்போது சங்கிலியை பின்னால் தாழ இருக்கும் டிரா பாரில் மாட்ட வேண்டும். கட்டையின் நுனி மண்ணில் குத்தாமல் தூக்கலாக வரட்டும் என்று டாப் லிங்க் கொக்கியில் மாட்டுகிறவர்கள் உண்டு. கட்டை ஒரு தூரில் சிக்கிக்கொண்டால் பின் சக்கரம் சுழல முடியாது. அந்த முறுக்கு முழுவதும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும். பின் அச்சுக்கு மேலே இழுவை இருப்பதால் வண்டி மல்லாந்து ஓட்டுநர் மீதே விழும். முன் சக்கரம் எழும்பத் தொடங்கியதிலிருந்து வண்டி கவிழ்வதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் முடிந்துவிடும். இதற்கு மருந்து, கவிழும் எடையைத் தாங்கும் இரும்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும். நம் ஊர்ப் பழைய வண்டிகளில் இருப்பது வெயிலுக்குப் போட்ட கூரை. ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இந்தச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. பின்னர் பழைய வண்டிகளுக்கும் விரிவுபடுத்தியது. கவிழ்ந்து சாகிறவர்கள் எண்ணிக்கை படிப்படியாகச் சரிந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணம் 2006-இல் வேறு வழி பிடித்தது. பழைய வண்டியில் இந்தச் சட்டத்தைப் பொருத்தும் விவசாயிக்கு செலவில் 70 சதவீதம் வரை திருப்பிக் கொடுத்தது. பழைய இயந்திரத்துக்கு அரசுப் பணம் செலவிடலாமா என்று தயங்குகிறவர்கள் இந்த அனுபவத்தைப் பார்க்க வேண்டும். ஒரு புது டிராக்டருக்கான மானியத்தில் எத்தனை பழைய வண்டிகளுக்குச் சட்டம் பொருத்தலாம் என்பது சுலபமான கணக்கு.

செயின்சா விஷயத்தில் கவனக்குறைவு இன்னும் கூடுதல். டிராக்டருக்காவது ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, செயின்சா துணிப்பையில் கைமாறுகிறது. வாங்குவதற்கு முன் சைலன்சரைக் கழற்றி உள்ளே பார்த்தால் போதும்: பிஸ்டன் பக்கவாட்டில் நெடுக்குக் கீறல் இருந்தால் யாரோ ஆயில் போதாமல் ஓட்டியிருக்கிறார். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில் என்பது பொதுவான கணக்கு. அளவு குப்பி இல்லாமல் கண் மதிப்பில் ஊற்றுவதால் கெட்ட மெஷின்கள் ஏராளம். சங்கிலியில் ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் சரி. வேகமாக வெட்டவேண்டும் என்று அதை இஷ்டத்துக்கு ராவிவிட்டால் மெஷின் பிடுங்கும். சங்கிலி ஓடும் பட்டையின் நுனி மேல் கால்பகுதி எதையாவது தொட்டால், சங்கிலி வெட்ட இடம் இல்லாமல் மெஷினையே ஓட்டுகிறவரின் முகத்தை நோக்கி எகிற வைக்கும். அதைத் தடுக்கும் செயின் பிரேக் உடைந்த நிலையிலேயே பழைய மெஷின் விற்பனைக்கு வருகிறது, லுங்கியும் ரப்பர் செருப்பும் போட்டவர் கையில் போய்ச் சேர்கிறது. விழுந்த தென்னையில் மண் ஒட்டியிருக்கும், வெளிவட்டம் வைரம் பாய்ந்திருக்கும். கூர் சீக்கிரம் போகும். சீவல் வரவேண்டிய இடத்தில் மாவாக உதிர்ந்தால் ராவச் சொல்கிறது என்று பொருள். ராவத் தெரியாதவர் அழுத்தி வெட்டுவார், விபத்துகள் அந்த அழுத்தத்தில்தான் நடக்கின்றன.

 

காகிதப் பக்கத்தில் இருக்கும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். வண்டியை விற்ற பிறகு பெயர் மாற்றாமல் விட்டால், விபத்துக்கான இழப்பீடு பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் தலையில் விழும் என்று நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வங்கிக் கடன் முடியாத வண்டி, சீசிங் வண்டி, விவசாய உபயோகத்துக்கு மட்டும் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு வாடகைக்குக் கட்டை ஏற்றும் வண்டி என்று சிக்கல்கள் நீள்கின்றன. விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் அல்ல என்பதால் அதற்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) கிடையாது, 15 ஆண்டுப் பதிவு முடியும்போதுதான் யாராவது அதைப் பார்க்க வேண்டிவரும். புது மாடல் ஒன்றை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய நிறுவனம் இழுவிசை முதல் பிரேக் வரை சோதிக்கிறது. அதே மாடல் நாலு கை மாறிப் பத்து ஆண்டு கழித்து நம் ஊருக்கு வரும்போது, சோதிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

வேளாண்மைப் பொறியியல் துறைக்குப் பட்டறைகள் உண்டு, துறை பராமரிப்பு முகாம்களும் நடத்துகிறது. மாவட்டந்தோறும் ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. இங்கேயே வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து வண்டியைக் கொண்டுவந்து, சிறு கட்டணத்தில், சிலிண்டர் அழுத்தம், ஹைட்ராலிக் தாங்கும் நேரம், பிரேக், ஸ்டியரிங் ஆட்டம் ஆகியவற்றை அளந்து எண்ணாக எழுதிய தாளைப் பெற வழி செய்யலாம். இன்னொரு சான்றிதழ் என்றால் இன்னொரு லஞ்சம் என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். அதனால்தான் இதில் 'தேர்ச்சி' என்ற முத்திரை இருக்கக் கூடாது; கட்டாயமும் கூடாது. அளவை மட்டும் எழுதினால் அதை வேறு பட்டறையில் சரிபார்த்துக்கொள்ளலாம். வாங்க முத்திரை இல்லாத இடத்தில் லஞ்சத்துக்கும் வேலை குறைவு. மெக்கானிக்கின் காது போதாதா என்றால், போதும், காது நல்ல காதாக இருந்தால். அந்த நல்ல மெக்கானிக்குகளையே கட்டணம் கொடுத்து இந்தக் கூடங்களில் உட்கார வைக்கலாம்.

சொந்தமாக வாங்காமல் அரசின் இ-வாடகைத் திட்டத்தில் எடுத்துக்கொள்ளட்டும் என்பது கடைசி வாதம். உழவுக்கு அது நல்ல வழி. புயலுக்குப் பின் ஒரே வாரத்தில் மூன்று மாவட்டமும் ஒரே இயந்திரத்தைக் கேட்கும்போது வாடகை வரிசை நகராது. அப்போது ஊரில் நிற்கும் பழைய வண்டிகள்தான் வேலை செய்யும். எனவே மானியப் பட்டியலில் மூன்று வரிகளைச் சேர்ப்பது அவசரம்: பழைய வண்டிக்குக் கவிழ்வுத் தடுப்புச் சட்டம் பொருத்தும் செலவு, செயின்சா ஓட்டுபவருக்கு நார் அடுக்கு கொண்ட கால்சட்டையும் முகக்கவசமும், சங்கிலி ராவுதலையும் மரம் சாய்க்கும் முறையையும் கற்றுத்தரும் ஐந்து நாள் பயிற்சி, அந்த நாள்களுக்கான கூலியோடு. கூலி இல்லாமல் வைத்தால் மரம் வெட்டுகிறவர் யாரும் வரமாட்டார்.