நிறம் பார்த்து நிறுத்து!

போன மாசம் ஒரு கண்டம் தப்பியது. வாசலில் இளநீர் சீவிக்கொண்டிருந்தேன். மூணாவது வெட்டில் அரிவாள் 'ணங்'கென்று உடைந்து, முனைத் துண்டு என் பையன் காதோரமாகப் பறந்து பக்கத்து வீட்டுத் தறிக்கொட்டாய்ச் சுவரில் மோதியது.

முந்தின வாரம்தான் பட்டறையில் காய்ச்சி அடித்து வாங்கிய அரிவாள்! நேரே சண்டைக்குப் போனேன்.

ஆசாரி துண்டை வாங்கி, உடைந்த வாயை வெயிலில் பிடித்தார். "பாரு தம்பி, சர்க்கரை மாதிரி மினுக்குது. பதம் சரியா இருந்தா சாம்பல் மாதிரி நைசா இருக்கும். நான் டீ குடிக்கப் போனப்ப, நம்ம பையன் ப்ளோயரைப் போட்டுட்டு செல்லுல கிரிக்கெட் பார்த்திருக்கான்."

அந்தச் சர்க்கரைதான் விஷயம். எஃகு ஒரே கட்டி இல்லை, கண்ணுக்குத் தெரியாத மணிகளின் கூட்டம். 727 டிகிரியைத் தாண்டினால் உள்ளே புது மணிகள் பொடிப் பொடியாகப் பிறக்கும். 770 டிகிரிக்குள் காந்தமும் ஒட்டாது. அதற்குக் கொஞ்சம் மேலே நிறுத்தித் தோய்த்தால் உத்தமம். ஆயிரம் டிகிரிக்கு மேலே விட்டால்? பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை விழுங்குகிற கதை. மணிகள் குறையும், மிச்சம் இருப்பது கொழுக்கும். ஒவ்வொரு மணியின் எல்லையும் விரிசலுக்கு ஒரு ஸ்பீட் பிரேக்கர். எல்லை குறைந்தால் விரிசலுக்கு பைபாஸ் ரோடு!

நேரமும் கணக்குதான். ஆனால் சூடுதான் பெரிய வில்லன். ஆரணிக்காரர்களுக்கு இது புதுசா என்ன? பட்டு நூலைப் பசை போக சோப்புத் தண்ணீரில் வேக வைக்கிறோம். வெந்தது அதிகமானால் இழை நைந்துவிடாதா?

கொடுமணல், மேல்சிறுவளூர் என்று நம்ம பக்கம் எஃகு காய்ச்சிய பரம்பரை. அந்த ஊட்ஸ் எஃகை ஐரோப்பாவில் சில கொல்லர்கள் தங்கள் வழக்கப்படி வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சி அடித்தார்கள். சுத்தியலடியில் பொடிந்து போனது. அதில் கார்பன் சுமார் ஒன்றரை சதவீதம், அந்தச் சூடு தாங்காது. அதன் ரகசியம் தேடி மைக்கேல் ஃபாரடேயே 1820-ல் கத்தி செய்யும் ஸ்டோடர்ட்டோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்.

"அப்ப இது குப்பைக்கா?" என்றேன்.

"எஃகு மன்னிக்கும் தம்பி." மிச்சத் துண்டை மாதுளைச் சிவப்புக்கு ஏற்றி, காற்றில் ஆறவிட்டார். மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் 727-ஐத் தாண்டும்போது மணிகள் மறுபடி பொடியாகப் பிறக்கின்றன. செல்ஃபோன் பையனைத் திட்டவில்லை; உலை முன்னால் உட்கார வைத்து நிறம் சொல்லச் சொன்னார். "இப்ப எடுக்கலாமா?" என்று அவன் மூணு தடவையும் சரியாகக் கேட்டான்.

அரிவாள் போய் ஒரு சின்னக் கத்தி வந்தது.

"எவ்வளவு?" என்றேன்.

"உன் பையன் காது பத்திரமா இருக்கில்ல? போ!"