கோணிச் சாக்கும் கம்பளி நாடாவும்

இன்று கனடாவைச் சேர்ந்த நியூஃபவுண்ட்லாந்தில் அந்நாளில் மீன்பிடிப் பருவம் முடிந்து கடல் உறைந்துவிட்டால் வீடுகளில் மரச்சட்டத்தை எடுத்து வைப்பார்கள். பிரித்த கோணிச் சாக்கை அதில் இழுத்துக் கட்டுவார்கள். கோடையெல்லாம் மீனைக் கழுவி உப்பிட்டு உலர்த்திய பெண்களின் கைகள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கம்பளி விரிப்பு செய்யும். உடுத்த முடியாத அளவுக்கு நைந்துபோன கோட்டும் பாவாடையும் நாடா நாடாவாகக் கிழிபட்டுத் தரைக்கு வந்து சேரும்.

இன்று மன ஆறுதலுக்காகப் பலர் கற்றுக்கொள்ளும் இந்தக் கைவேலை இல்லாமையில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கனடாவின் அட்லாண்டிக் கரையிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் இது வேகமாகப் பரவ வங்காளத்துச் சணலும் ஒரு காரணம். சாக்குத் துணியின் நெசவு தளர்வானது. கொக்கி தடையின்றி நுழையும். சாக்குக்கும் கந்தலுக்கும் காசு தேவையில்லை. ஆணியை வளைத்து மரப்பிடியில் செருகினால் கருவியும் தயார்.

செய்முறை எளிது. துணிக்கு அடியில் இடக்கை கம்பளி நாடாவைப் பிடித்திருக்கும். மேலே வலக்கை கொக்கியைத் துளைக்குள் விட்டு நாடாவைச் சிறு கண்ணியாக மேலே இழுக்கும். அடுத்த துளை, அடுத்த கண்ணி. முடிச்சு எங்கும் கிடையாது. கண்ணிகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்பதுதான் விரிப்பைக் கட்டிக் காக்கிறது.

மனம் இளைப்பாறுவதும் இந்த அமைப்பால்தான். பின்னல் வேலையில் ஒரு கண்ணி தவறினால் வரிசையே குலையும். எண்ணிக்கையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். இங்கே எண்ண வேண்டியதே இல்லை. பிடிக்காத நிறத்தை உருவி எடுத்துவிட்டு அதே துளையில் வேறு நிறம் போடலாம். பாதியில் எழுந்து போனாலும் எதுவும் அவிழாது.

இந்தக் குணத்தை நன்கு அறிந்த ஒருவர் ஜெஸ்ஸி லூதர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மார்பிள்ஹெட் ஊரில் நரம்புத் தளர்ச்சி நோயாளிகளுக்கு மருத்துவர் ஹெர்பர்ட் ஹால் நெசவையும் மண்பாண்ட வேலையையும் சிகிச்சையாகக் கொடுத்தபோது அந்தப் பட்டறையில் கற்பித்தவர் அவர். 1906இல் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் அந்தோணிக்கு வந்தார். மருத்துவர் வில்ஃபிரட் கிரென்ஃபெல்லின் மருத்துவப் பணி அங்கே நடந்துவந்தது. அதன் வழியே பெண்களின் விரிப்பு வேலை முறையான தொழிலானது. பனிக்கரடியும் நாய்வண்டியும் பனிப்பாறையும் அதில் படங்களாயின. 1920களில் நூல் விட்டுப்போன பட்டுக் காலுறைகளை அனுப்புமாறு வெளியூர்ப் பெண்களிடம் கேட்டு வாங்கி, சாயமேற்றி, நாடாவாக்கினார்கள். ஒரு சதுர அங்குலத்தில் 200 கண்ணிகள் வரை அமைந்த நுட்பமான வேலை அது. பல மீனவக் குடும்பங்களுக்குக் குளிர்கால வருமானமும் அதுதான்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஷெட்டிகாம்ப் ஊருக்கு அருகே பிறந்த எலிசபெத் லெஃபோர்ட் (1914–2005) இதே கொக்கியால் மனித முகங்களை வரைந்தார். கம்பளி நூலில் அவர் செய்த உருவப்படங்கள் வெள்ளை மாளிகைக்கும் வாட்டிகனுக்கும் சென்றன. அவ்வூரின் லே த்ருவா பின்யோன் அருங்காட்சியகத்தில் அவருக்கெனத் தனிக் கூடமே இருக்கிறது. ஏழை வீட்டுத் தரைவிரிப்பு என்று ஒதுக்கப்பட்ட வேலை எட்டிய உயரம் இது.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் கம்பளித் துணியை வெந்நீரில் துவைத்து உலர்த்த வேண்டும். இழைகள் சுருங்கி இறுகும். வெட்டிய ஓரம் பிரியாது. நாடாவின் அகலத்தை எண்களால் குறிப்பார்கள். 3ஆம் எண் 3/32 அங்குலம். இதழ், முகம் போன்ற நுண்மைக்கு அது. 8ஆம் எண் கால் அங்குலம். கற்றுக்கொள்கிறவருக்கு இந்த அகல நாடாவே நல்லது. சீக்கிரம் இடம் நிறையும். நாடாவின் அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு உயரம் கண்ணிக்கு. வேலை செய்யும் பரப்பைப் போல நான்கு, ஐந்து மடங்கு துணி வேண்டியிருக்கும்.

அடித்துணியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சணல் சாக்கு நாளடைவில் நொறுங்கிவிடும். பழைய விரிப்புகள் பலவற்றில் கம்பளி நன்றாக இருந்தும் சாக்குதான் இற்றுப்போயிருக்கிறது. எனவே லினன் துணியை வாங்குங்கள். கம்பளியைப் பழைய துணிகளிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விரிப்பு ஒரு சதுர அடிக்கு மேல் வேண்டாம்.