நமக்குத் தரை, கீழ் வீட்டாருக்குக் கூரை



வீட்டுக்கு ரைல்ஸ் பதிப்பதென்றால் அதன் நிறத்தைப் பற்றி ஒரு மாதம் யோசிப்போம். அதன் கீழே என்ன போடுவது என்று ஒரு நிமிடமும் யோசிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒரு தொடர்மாடியில் நாங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பழைய காபற் கிழிந்துபோனதால் அதைக் கழற்றிவிட்டு வீடு முழுவதும் ரைல்ஸ் பதித்தோம். கூட்டித் துடைக்க இலகு, பார்க்கவும் அழகு. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். கீழ் வீட்டு அன்ரி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரம் கழித்து மாடிப்படியில் என்னை மறித்து, “பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. இரவில கதிரை இழுக்கிற சத்தத்துக்கு இவர் திடுக்கிட்டு எழும்புறார்” என்றார். அவருடைய கணவர் பாரிசவாதத்தால் படுத்த படுக்கையாக இருந்தார்.

“சரி அன்ரி” என்று சொல்லிவிட்டு வந்தாலும் எனக்குக் கோபம்தான். எங்கள் வீட்டில் நாங்கள் நடக்கவும் கூடாதா என்று இவரிடம் பொருமினேன். பிறகு ஒருநாள் பின்னேரம் கொழுக்கட்டை கொண்டு கீழே போனேன். அன்ரி தேத்தண்ணீர் போடும்வரை அந்த அறையில் இருந்தேன். மேலே என் மகள் ஓடினாள், மகன் கதிரையை இழுத்தான், ஒரு கரண்டி விழுந்தது. ஒவ்வொன்றும் தலைக்குமேல் இடித்தது. நோயாளி கண்ணை இறுக மூடிக்கொண்டார். எங்கள் வீட்டை நான் கீழே இருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு என்னால் கோபப்பட முடியவில்லை.

சத்தம் இரண்டு வழியாகப் போகிறது. பேச்சு, தொலைக்காட்சி, அழுகை எல்லாம் காற்றுவழி போகும். இவற்றைத் தடுப்பது பெரும்பாலும் கொங்கிறீற்றின் பாரம்தான். காலடி, கதிரை, விழும் பாத்திரம் இவையெல்லாம் மோதல் சத்தம். ரைல்ஸும் சீமெந்தும் கொங்கிறீற்றும் ஒன்றோடொன்று இறுகப் பிடித்திருப்பதால் மேலே தட்டிய அதிர்வு குறையாமல் கீழே இறங்கும். கொங்கிறீற் முழுவதும் மேளத் தோல் போல அதிரும். பழைய காபற் அந்த அடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியது நாங்கள்தான்.

ஆகவே ரைல்ஸுக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் ஒரு சத்தத் தடுப்பு விரிப்பு வேண்டும். தக்கை விரிப்பு, தூளாக்கிய பழைய றப்பரில் செய்த விரிப்பு இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. தக்கை 6, 12 மில்லிமீற்றர் தடிப்புகளில் கிடைக்கும். பலகைத் தரைக்கு விற்கும் மெல்லிய ஸ்பொஞ்சை மலிவென்று வாங்க வேண்டாம். அது மிதிக்கும்போது அமுங்கும். ரைல்ஸ் வெடிக்கும், இடையிலுள்ள பூச்சு உதிரும். தும்புத் தடுக்கும் அப்படித்தான், ஈரமும் பிடிக்கும். “ரைல்ஸுக்குக் கீழே போடத் தகுந்தது” என்று தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டும். எந்த அளவு ரைல்ஸுக்குப் பொருந்தும் என்றும் பாருங்கள். மிகச் சிறிய ரைல்ஸ் இவ்விரிப்புகளின் மேல் இலகுவில் வெடிக்கும்.

பெட்டியில் உள்ள எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். பரிசோதனைக் கூடத்தில் அரைக் கிலோ பாரமுள்ள ஐந்து இரும்புச் சுத்தியல்கள் 40 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விநாடிக்கு 10 தடவை தரையில் தட்டும். கீழறையில் சத்தத்தை அளப்பார்கள். “டெல்டா எல்.டபிள்யூ” என்பது விரிப்பால் குறைந்த சத்தம், கூடினால் நல்லது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் கேட்கும். “எல்.என்.டபிள்யூ” என்பது மிஞ்சிய சத்தம், குறைந்தால் நல்லது. “ஐ.ஐ.சி.” என்பது அமெரிக்க முறை, கூடினால் நல்லது. அங்குள்ள மாதிரிக் கட்டட விதிகள் தொடர்மாடிகளுக்குக் குறைந்தது 50 கேட்கின்றன. ஆனால் ஐ.ஐ.சி. எண் விரிப்புக்கு மட்டும் உரியதல்ல. கொங்கிறீற்றின் தடிப்பும் கீழேயுள்ள சீலிங்கும் அதில் சேரும். சீலிங் போட்டு அளந்த எண்ணைக் காட்டி, சீலிங் இல்லாத வீட்டுக்கு விற்பவர்களும் உண்டு. “எத்தனை அங்குலக் கொங்கிறீற்றில் அளந்தது? சீலிங் இருந்ததா?” என்று கட்டாயம் கேளுங்கள்.

இரண்டு வருடம் கழித்து, சீட்டுக் காசு விழுந்ததும் விறாந்தையையும் பிள்ளைகளின் அறையையும் மட்டும் உடைத்து 6 மில்லிமீற்றர் தக்கை போட்டோம். குளிர்சாதனப் பெட்டி மாற்ற வைத்திருந்த காசு அது. மேசன் பாஸ் வேலை செய்யும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். ஏனென்றால் நல்ல விரிப்பும் ஓரத்தில் கெட்டுப்போகும். ரைல்ஸ் சுவரில் முட்டினால் அதிர்வு சுவர் வழியாக இறங்கிவிடும். அதனால் சுவரோரம் முழுவதும் மெல்லிய விரிப்புத் துண்டை நிமிர்த்தி வைத்து, ரைல்ஸ் பதித்தபின் மிஞ்சியதை வெட்டி, அந்த இடைவெளியைச் சிலிக்கோனால் நிரப்ப வேண்டும், சீமெந்தால் அல்ல. சுவரடி ரைல்ஸும் தரையில் குந்தக்கூடாது. தரை சமமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். விரிப்பும் பசையும் ரைல்ஸுமாக ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் உயரும். கதவடியை வெட்ட நேரிடும். குளியலறைக்கு நீர்க்காப்பு வேறாகச் செய்ய வேண்டும். வேலை தொடங்குமுன் தொடர்மாடி முகாமைத்துவத்திடம் அனுமதி எடுப்பதும் நல்லது.

எல்லாச் சத்தமும் போய்விடவில்லை. எங்கள் தொலைக்காட்சி இப்போதும் கீழே கேட்கிறதாம். ஆனால் ஓடும் சத்தம் மங்கிவிட்டது. “இப்ப இவர் விடியும்வரை படுக்கிறார் பிள்ளை” என்று அன்ரி சொன்னபோது எனக்குச் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அந்த இரண்டு வருடமும் அவர் முழு இரவு உறங்கவில்லை அல்லவா?

உடைத்துப் பதிக்க வசதியில்லாத சகோதரிகள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். கதிரை, மேசைக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். கிரைண்டரின் கீழே தடித்த றப்பர் வையுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தடித்த விரிப்புப் போடுங்கள். செருப்பை வாசலில் கழற்றுவது நமது பழக்கம்தானே. குசினி அறையில் ஒத்துப்போகாத ஒன்று எங்கள் வீட்டில் அம்மிதான். அதை ஒரு மடித்த சாக்கின் மேல் வைத்திருக்கிறேன்.

புதிதாக ரைல்ஸ் பதிக்க எண்ணியிருப்பவர்கள் கடைக்குப் போகுமுன் ஒருமுறை கீழ் வீட்டுக்குப் போய், பிள்ளைகளை மேலே ஓடவிட்டு, சற்று நேரம் இருந்து கேளுங்கள். என்ன வாங்க வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும்.