பாடத்துக்காக ஓர் உயிரும் போக வேண்டாம்
விலங்கு உடலமைப்புக் கல்வி குறித்து அந்தமான் மரைன் ஹில் பெற்றோர், ஆசிரியர்களின் நிலைப்பாடு

பள்ளிப் பாடத்துக்காக எந்த விலங்கையும் கொல்லக் கூடாது. அதே சமயம், உடலுறுப்புகளைப் படத்தில் மட்டுமே பார்த்த பிள்ளையாக யாரும் பள்ளிப் படிப்பை முடிக்கவும் கூடாது. இவ்விரண்டும் சேர்ந்ததே எங்கள் நிலைப்பாடு.

முதலாவதற்குச் சட்டமே துணை. நூல், மாதிரி உருவம், திரைப்படம் போன்றவை போதுமான இடங்களில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, ‘கம்ப்யூஃபிராக்’ மென்பொருள் மூலம் தவளையைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்புகளில் அறுவைச் செய்முறைக்கு முடிவு கட்டியது. இந்த மாற்றங்களை முழுமனத்துடன் வரவேற்கிறோம்.

ஆனால் திரையில் தெரியும் கல்லீரலுக்கு வழுவழுப்பு இல்லை. உறுப்புகள் ஒன்றையொன்று நெருக்கிக் கிடப்பதும் அதில் விளங்காது. தவளையின் இதயத்தில் மூன்று அறைகள் என்று எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவர் எந்த இதயத்தையும் நேரில் கண்டதில்லை. இந்தக் குறையை நிரப்பப் புதிதாக ஓர் உயிரைக் கொல்லத் தேவையில்லை. எங்கள் தீவில் அன்றாடம் வீட்டுச் சமையலுக்கு மீன் வருகிறது. செவுள் மூடியைத் தூக்கினால் சிவந்த செவுள்கள். அவற்றுக்குச் சற்றுப் பின்னே, அடிப்பக்கத்தில், இரண்டு அறை இதயம். முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாகச் சிறுநீரகம். கணவாய்க்கு மூன்று இதயங்கள், ஒரு மைப்பை. இறாலின் முதுகில் நாம் உருவி எறியும் கறுப்பு நூல்தான் அதன் குடல்.

அந்தமானில் வெளியிலிருந்து வந்து பரவிவிட்ட இந்தியக் காளைத்தவளையையாவது வகுப்பில் அறுக்கலாமே என்ற வாதத்தையும் எண்ணிப் பார்த்தோம். அதன் தலைப்பிரட்டைகள் இம்மண்ணின் தவளைகளுடைய தலைப்பிரட்டைகளைத் தின்பது உண்மைதான். ஆனால் பள்ளிகள் கேட்கத் தொடங்கினால் உயிருள்ள தவளைகள் ஊர் ஊராகக் கைமாறும், பரவல்தான் கூடும். அதைக் கட்டுப்படுத்துவது அரசுத் துறைகளின் பொறுப்பு, பிள்ளைகளின் வேலை அன்று.

எங்கள் கோரிக்கைகள்:

1. உணவுக்காக வாங்கிய மீனின் உறுப்புகளைக் கவனித்து வரைவதைப் பள்ளிகள் வீட்டுப் பாடமாக ஊக்குவிக்க வேண்டும். விரும்பாத பிள்ளைகளையும் மரக்கறி வீட்டுப் பிள்ளைகளையும் கட்டாயப்படுத்தக் கூடாது; அவர்களுக்கு மாதிரி உருவங்கள் போதும்.

2. ஹாடோவிலுள்ள இந்திய விலங்கியல் அளவாய்வு நிறுவன அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டும்.

3. பாடத்தின் பெயரால் பவளத்தையோ கடல் அட்டையையோ யாரும் எடுத்து வரக் கூடாது. இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை.

4. ஃபார்மலின் குப்பிகளைப் பிள்ளைகள் கையாளக் கூடாது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது.

பெற்றோரே, அடுத்த முறை மீன் ஆயும்போது பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து உட்காரவையுங்கள். குடலைக் குப்பையில் போடும் முன் ஒரு தட்டில் பரப்பிக் காட்டுங்கள்.