கல் நட்டார்கள், கணக்கு எங்கே?

மாண்ட மறவனுக்குக் கல் நட்டவர்கள் நம் முன்னோர். வெட்டிய ஏரிக்கும் கட்டிய கலிங்குக்கும் கல்வெட்டுப் பொறித்தவர்கள் அவர்கள். அந்தக் கற்களிலே ஒரு நேர்மை இருந்தது. நடந்து முடிந்ததை அவை கூறின. நடக்கப் போவதாக எதையும் அளக்கவில்லை. வீரன் வீழ்ந்த பிறகே நடுகல் எழுந்தது. இன்றோ ஏரிக்கு முன்பே கல்வெட்டு எழுகிறது. நோயாளிக்குக் கட்டில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே ஆள்வோரின் பெயர் பளிங்கிலே பளபளக்கிறது. இந்தப் புதுவகைக் கல்லுக்கு அடிக்கல் என்று பெயர். நாள் பார்த்து, நேரம் பார்த்து, மாலை சூட்டி நடுகிறார்கள். கூட்டம் கைதட்டிக் கலைகிறது. அதன் பிறகு அந்தக் கல்லிடம் கேள்வி கேட்பார் இல்லை.

கேள்வி கேட்பதையே வாழ்க்கை நெறியாகக் கொண்ட நாம் கேட்க வேண்டாமா?

மதுரையை அடுத்த தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனை அமையும் என்று 2019 ஜனவரி 27-இல் பிரதமர் நரேந்திர மோதி அடிக்கல் நாட்டினார். தமிழ்நாட்டுக்கு அப்படியொரு மருத்துவமனை உண்டு என்று ஒன்றிய அரசின் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது 2015-இல். ஜம்மு காஷ்மீர், பஞ்சாப், இமாசலப் பிரதேசம், அசாம் ஆகியவையும் அதே அறிவிப்பில் இடம்பெற்றன. ஒரே நாள், ஒரே அவை, ஒரே வாய் உரைத்த வாக்கு. விளைவு என்ன? இமாசலத்தின் பிலாஸ்பூர் மருத்துவமனை 2022 அக்டோபரில் திறக்கப்பட்டது. அசாமின் குவாகாத்தி 2023 ஏப்ரலில் திறப்பு விழாக் கண்டது. ஜம்முவும் பஞ்சாபின் பட்டிண்டாவும் 2024 பிப்ரவரியில் கண்டன. இவற்றுள் ஜம்முவுக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரி 3-இல். அதாவது, மதுரைக்குச் சரியாக ஒரு வாரம் பிந்தி! அந்த ஜம்முவில் திறப்பு விழா முடிந்து அடுத்த மாதத்தில்தான், 2024 மார்ச்சில்தான், தோப்பூரில் மருத்துவமனைக் கட்டடப் பணியே தொடங்கிற்று.

வகுப்பறையிலே நாள்தோறும் நிற்கும் நமக்கு இந்தக் கால அளவு நன்றாக விளங்கும். மதுரையில் கல் நட்ட அன்று ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, கட்டடப் பணி தொடங்கிய மாதத்தில் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தது. பிள்ளை வளர்ந்தது, கட்டடம் வளரவில்லை. வளர்ந்தது செலவு மட்டுமே. 1,264 கோடி ரூபாய் என்று ஒப்புதல் பெற்ற திட்டம் 1,977 கோடிக்கு மேல் போயிற்று. அதில் பெரும்பகுதி ஜப்பானிடமிருந்து பெறும் கடன். கட்டடம் இல்லாமலே 2022-இல் 50 மாணவர்களைச் சேர்த்தார்கள். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் அவர்களை அமர்த்தினார்கள். மதுரையின் பெயரால் சேர்ந்தோர் இராமநாதபுரத்தில் பாடம் கேட்டார்கள்.

இதைச் சொன்னால் உடனே, "வடக்கு தெற்கு என்று பேதம் பேசுகிறீர்கள்" என்பார்கள். இல்லை. ஜம்முவின் நோயாளி நமக்குப் பகைவன் அல்லன். அவனுக்குக் கட்டில் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஒரே தாளில் எழுதிய ஐந்து வாக்குகளில் நான்கு நிறைவேறி ஒன்று மட்டும் நின்றதற்குக் காரணம் என்ன? அதற்கு விடை கூற வேண்டியவர் யார்? இவ்வளவே நம் கேள்வி. கடன் ஒப்பந்தம் என்றார்கள், நிலம் என்றார்கள். காரணங்கள் பல வந்தன. பொறுப்பு ஏற்க மட்டும் ஒருவரும் வரவில்லை. 2021 தேர்தல் மேடைகளில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கலைத் தூக்கிக் காட்டினார், நாடே சிரித்தது. சிரிப்பு நல்ல படைக்கலம்தான். ஆனால் செங்கல்லைக் காட்டி வாக்குக் கேட்கலாம். கணக்குக் கேட்க ஏடு வேண்டும்.

அந்த ஏடுதான் இன்று நம் கையில் இல்லை. ஐந்தாண்டுத் திட்டங்களில் தென்னாடு புறக்கணிக்கப்படுகிறது என்று அண்ணா முழங்கிய காலத்தை எண்ணிப் பாருங்கள். அவர் முழங்க முடிந்தது எதனால்? எந்த ஆலைக்கு எவ்வளவு, எந்த அணைக்கு எவ்வளவு என்று திட்டம் அச்சிலே இருந்தது. குறை கூறுவதற்கும் ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? அது இருந்தது. 1950-இல் தோன்றிய திட்டக் குழுவில் குறைகள் மலிந்திருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. மாநிலங்களைக் கையேந்த வைத்த அமைப்பு அது. 2015 ஜனவரி முதல் நாளில் அதன் இடத்தில் நிதி ஆயோக் வந்தது. பன்னிரண்டாம் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தது. பதின்மூன்றாம் திட்டம் பிறக்கவே இல்லை. குறையுள்ள தராசைச் சீர்செய்யாமல் தராசையே தூக்கி எறிந்துவிட்டார்கள்! எடை குறைந்தது என்று இனி எதைக் காட்டிச் சொல்வது?

அடுத்த வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு நம் வீட்டுக் கூரையைப் பாராமல் போவது பகுத்தறிவு ஆகாது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் வறண்ட பகுதிகள் அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தைக் கேட்டுக் குரல் கொடுத்தது அறுபது ஆண்டுகளுக்கும் மேல். பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிகுந்து செல்லும் நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. எடுத்து, குழாய் வழியே ஏற்றி, 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம் அது. 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்ட் 17-இல் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். உடனே எழுந்தது பூசல்: இது யார் செய்த வேலை? எமது என்றது ஒரு பக்கம். எமது என்றது மறு பக்கம். உழவன் இருவரையும் பார்த்துக் கேட்கத் தகுந்த கேள்வி வேறு: "வேலைக்கு உரிமை கொண்டாட இருவர் வந்தீர்; அறுபது ஆண்டுத் தாமதத்துக்கு உரிமை கொண்டாட எவர் வருவீர்?"

ஆயினும் அதிலே ஒரு பாடமும் இருக்கிறது. ஓர் ஆட்சி தொடங்கியதை எதிர்க்கட்சி ஆட்சி குப்பையில் எறியாமல் முடித்தது. குளத்துக்குத் தண்ணீர் வந்தது. நெடுங்காலத் திட்டம் என்பதன் உயிர்நாடி அதுவே. ஆட்சியின் ஆயுள் ஐந்தாண்டு. ஆற்றின் ஆயுள் அப்படியன்று. ஐந்தாண்டுக்கு ஒரு முறை விதையைத் தோண்டிப் பார்ப்பவன் தோப்புக் காண மாட்டான்.

சரி, கணக்கு வைப்பது எங்கே? சட்டம் இடம் காட்டியிருக்கிறது. 1992-இல் நிறைவேறிய அரசமைப்பின் 74-ஆம் திருத்தம் மாவட்டத் திட்டக் குழு வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர், ஊராட்சி, நகராட்சிகளின் உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுப்போராக இருக்க வேண்டும் என்கிறது. ஊரின் தேவையை ஊரே எழுதட்டும் என்பது அதன் பொருள். ஆனால் தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. 27 மாவட்டங்களின் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில். நகர்ப்புறங்களிலோ 2022 பிப்ரவரியில். ஐந்தாண்டுக்கு மேல் நம் மாநகரங்களுக்கு மேயர் இல்லை! தேர்ந்தெடுக்கப்பட்டவரே இல்லாத ஊரில் திட்டக் குழுவுக்கு ஆள் ஏது? அது அ.தி.மு.க. ஆட்சியின் குற்றம் என்று கைகழுவ முடியாது. 2025 ஜனவரியில் அந்த 27 மாவட்ட ஊராட்சிகளின் காலம் முடிந்தபோது தி.மு.க. ஆட்சியும் தேர்தல் நடத்தவில்லை. தனி அலுவலர்களைத்தான் அமர்த்தியது. மாநில உரிமைக்காக டில்லியிடம் வாதாடும் வாய், ஊராட்சியின் உரிமை என்றதும் ஊமையாவது முறையா? மேலே கேட்கும் நீதியைக் கீழே வழங்க மறுப்பவன் வாதத்துக்கு வலு ஏது?

ஆகவே நாம் கேட்பவை சில. எந்த அரசு அடிக்கல் நாட்டினாலும், பெயருக்குக் கீழே மூன்று வரி பொறிக்கட்டும்: முடிக்கும் ஆண்டு, ஒதுக்கிய பணம், பொறுப்பான துறை. ஆண்டுதோறும் அந்த மூன்று வரிக்கும் எழுத்து மூலமான விளக்கம் சட்டமன்றத்தில் வைக்கப்படட்டும். காலம் தாழ்ந்தால் காரணமும், செலவு கூடினால் கணக்கும் அதில் இருக்கட்டும். முந்தைய அரசின் திட்டத்தைக் கைவிடும் புதிய அரசு, கைவிட்டதற்கான காரணத்தை அவையிலே சொல்லட்டும். உள்ளாட்சித் தேர்தலை ஒரு நாளும் தள்ளாதிருக்கட்டும்.

அவர்கள் தாமாக இதைச் செய்வார்களா? செய்ய மாட்டார்கள். கேட்பவர் இருந்தால்தான் கணக்கு எழுதப்படும். இராஜஸ்தானத்தின் கோட் கிரானா என்னும் சிற்றூரில் 1994-இல் உழவரும் கூலியாட்களும் கூடி, அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊரார் முன்னே உரக்கப் படிக்கச் செய்தார்கள். அந்தப் பட்டியல்தான் பொய்யைக் காட்டிக் கொடுத்தது. அத்தகைய மன்றங்களில் பிறந்த குரலே 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. பட்டம் பெறாத அவர்களால் முடிந்தது, படித்த நம்மால் முடியாதா? பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு. அதற்கு 30 நாளில் விடை தர வேண்டும் என்பது சட்டம். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும் என்பது நம் மாநிலத்தின் ஏற்பாடு. அங்கே போய்க் கையெழுத்திட்டுத் திரும்பும் கூட்டத்தில் ஒருவராக நாம் இருக்கலாகாது. தோழர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கல் நிற்கும். அதன் மேலுள்ள பெயரைப் படித்தது போதும். அதில் இல்லாத ஆண்டைக் கேளுங்கள், இல்லாத தொகையைக் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்!